கொறங்காட்டைக் குதிரைக்கு விடலாமா?

கேள்வி, 11 ஜூன் 2023

வெள்ளகோவில் பக்கம் எட்டு ஏக்கர் கொறங்காடு (உயிர்வேலி அடைச்ச மேய்ச்சல் காடு) இருக்குங்க. நாங்க கோயமுத்தூர்ல. இப்ப மாடு, ஆடு எதுவும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரேக்ளாக் குதிரை அஞ்சு வெச்சிருக்கார். மேய்ச்சலுக்கு வருசக் குத்தகைக்குக் கேட்கிறார். மாட்டுக்காரங்க குடுக்கறதைவிட ஏக்கருக்கு ரெண்டாயிரம் கூடத் தர்றேங்கறார். விடலாமா? புல்லு போயிருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில், 11 ஜூன் 2023, இரவு

விடாதீங்க.

12 ஜூன் 2023

ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் எப்படி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, கதையைச் சொல்கிறேன்.

எனக்குக் காங்கேயத்துக்குக் கிழக்கே ஆறு ஏக்கர். மேல்காடு, கீழ்காடு என்று நடுவில் கிளுவை வேலி தடுத்தது. கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். அப்பா இருந்தவரை நாலு மாடும் ஒரு பட்டி ஆடும் மேய்ந்த இடம். அவர் போனபிறகு ஆடு மாடுகளை விற்றுவிட்டோம். நான் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். காலையில் போனால் இரவுதான் வீடு.

2021 கார்த்திகையில் மேக்காலத் தோட்டத்து அண்ணன் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகிற பாதை) வண்டியை நிறுத்தி, "சும்மாதானுங்க தம்பி கிடக்குது, நம்ம குதிரைகளை விட்டுக்கறேன், வருசத்துக்கு நாப்பதாயிரம் வாங்கிக்கோங்க" என்றார். கத்தியவார் இரண்டு, மார்வாரிப் பெட்டை ஒன்று, மட்டக் குதிரை ஒன்று, ஆக நாலு. பாதிப் பணம் அப்போதே கையில். காகிதம் கிடையாது, தேதி கிடையாது. நின்ற இடத்தில் பேசி முடித்தோம். சின்ன வயதில் இருந்து பார்க்கிற மனுசன், அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா?

தையில் போய்ப் பார்த்தேன். மேல்காட்டில் புல் தரையோடு தரையாகக் கிடந்தது. நாவிதர் கத்தி வைத்தது போல. ஒரு மூலையில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல், அதன் நடுவே லத்தி (குதிரைச் சாணி). மூன்று வெள்வேல மரங்களில் பட்டை உரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஆடியில் அந்த மார்வாரிப் பெட்டைக்கு (பெயர் மைனா) மூஞ்சி வீங்கியது. அண்ணன் என் வீட்டு வாசலுக்கு வந்து, திண்ணையில்கூட உட்காராமல், "உங்க புல்லுல என்னமோ விசம் இருக்குதுங்க தம்பி" என்றார். குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மீதிப் பணம் வரவில்லை. ஒரு வருசமாகப் பேச்சு இல்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் இரண்டு பேரும் பந்தியில் எதிரெதிர்க் கோடிக்குப் போகிறோம்.

அதனால்தான் விடாதீங்க என்றேன்.

15 ஜூன் 2023

"மாடும்தானே மேயுது, குதிரை மேஞ்சா மட்டும் என்ன?" என்று ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாட்டின் வாயைத் திறந்து பாருங்கள். மேல்வரிசையில் முன்பல் இருக்காது. நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுத்து அறுக்கும். அடியில் நாலு விரல் தங்கும். குதிரைக்கு மேலும் பல், கீழும் பல், நடுவில் பிடித்துத் துண்டாக்குகிற உதடு. கத்திரிக்கோல்தான். இனிப்பாகத் தெரிகிற ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, துளிர்க்கத் துளிர்க்கக் கத்தரிக்கும். கொழுக்கட்டைப் புல் வறட்சிக்கு அஞ்சாது. ஆனால் தூரில் பச்சையே இல்லாமல் நாலு மாதம் மொட்டையடித்தால் அதுவும் என்ன செய்யும்? அந்த இடத்தில் அடுத்த மழைக்கு முளைத்தது பார்த்தீனியம்.

இன்னொன்று நேரம். மாடு மேய்ந்துவிட்டு மர நிழலில் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடுகிற வயிறே இல்லை. ஒரு நாளில் பதினாலு பதினாறு மணி நேரம் வாய் அரைத்துக்கொண்டே இருக்கும். ராத்திரியும் மேயும்.

கணக்கு எழுதுகிறவன் ஆகையால் ஒரு கணக்கு. குதிரை தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் தின்னும். 350 கிலோக் குதிரைக்கு 7 கிலோ. நாலு குதிரைக்கு ஒரு நாளைக்கு 28 கிலோ. 365 நாளுக்கு 10,220 கிலோ. பத்து டன் காய்ந்த புல்! என் ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு நல்ல மழை பெய்த வருசத்தில்கூட அவ்வளவு தராது. இந்தப் பெருக்கலை இட்டேரியில் நின்றபோது நான் போடவில்லை. ஆலையில் ஒரு மூட்டை குறைந்தால் மூன்று முறை கூட்டிப் பார்க்கிறவன்.

15 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

லத்தி விசயம். குதிரை போட்ட இடத்தில் தானே மேயாது. ஒரு மூலையைக் கக்கூசாக வைத்துக்கொள்ளும், சுற்றிலும் புல் வளர்ந்து முற்றி நிற்கும். ஆறு ஏக்கருக்கு வாடகை வாங்கினாலும் மேய்வது நாலரை ஏக்கர்தான், அதையும் இரண்டு மடங்கு மேயும். பின்னாலேயே மாட்டையோ செம்மறியையோ விட்டால் குதிரை ஒதுக்கியதை அதுகள் தின்றுவிடும். குதிரைக் குடற்புழு பெரும்பாலும் மாட்டுக்கு ஒட்டாது, மாட்டுப்புழு குதிரைக்கு ஒட்டாது. அதனால் மாற்றி மாற்றி விட்டால் காட்டில் புழுவும் குறையும். இது அப்போது தெரிந்திருந்தால் ஆட்டுக்காரர் ஒருவரையும் சேர்த்துவிட்டிருப்பேன், ஆட்டு எருவும் மிஞ்சியிருக்கும்.

லத்தி யாருக்குச் சொந்தம் என்பதற்கும் ஒரு சண்டை நடந்தது. அண்ணன் டிராக்டரில் அள்ளித் தன் தென்னைக்குப் போட்டுக்கொண்டார். என் புல், என் காடு, எரு அவருக்கு! சாணி பெறாத விசயம் என்பார்கள். ஒரு லோடு எரு என்ன விலை விற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

17 ஜூன் 2023

மரப்பட்டை பற்றிக் கேட்டவருக்கு. நார்ச்சத்துப் போதாவிட்டால் குதிரை மரத்தைக் கறம்பும். வெள்வேலம் பட்டையில் அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சினார்கள். அது என் காட்டுக் குதிரைகளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

19 ஜூன் 2023

வேலி. கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் "கிளுவை வேலி பழசாயிருச்சு, முள்கம்பி இழுத்துரலாமா, அவரே செலவு செய்யறேங்கறார்" என்கிறார்.

வேண்டாம். குதிரை மிரண்டால் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காது. மாடு முள்கம்பியில் உரசினால் பின்வாங்கும். குதிரை மாட்டிக்கொண்டால் உதறி உதறி எலும்புவரை கிழித்துக்கொள்ளும். அதோடு ரண ஜன்னி (டெட்டனஸ்). கால்நடைகளிலேயே அதற்குச் சுலபமாக மாட்டுவது குதிரைதான். ஊசி போட்ட சீட்டைப் பார்க்காமல் எந்தக் குதிரையையும் காட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் காட்டில் நின்று செத்தால் பேச்சு உங்கள் பக்கம்தான் திரும்பும்.

கிளுவை முள்ளும் கீறும். ஆனால் அது அடர்த்தியாகக் கண்ணுக்குத் தெரிகிற வேலி, குதிரை மதிக்கும். சந்து விழுந்த இடத்தில் வெயில் காலத்தில் போத்து வெட்டி நட்டால் மழைக்குத் துளிர்க்கும். அது பிடிக்கும்வரை வெள்வேல முள் வெட்டி அடைக்கலாம். என் வேலியில் மட்டக் குதிரை கழுத்தைச் சொறிந்து சொறிந்தே ஓர் ஆள் நுழைகிற சந்து உண்டாக்கியது. அதன் வழியாகப் பக்கத்துக் காட்டு ஆடுகள் என் காட்டுக்குள் வந்தன. குதிரைக்கு வாடகை வாங்கி ஆட்டுக்கு இலவசமாக மேய்ச்சல் கொடுத்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வேலி ஓரம் அரளி இருந்தால் தோண்டிவிடுங்கள். கன்னிமார் கோயில் பக்கம் எங்களுக்கு ஒரு செவ்வரளிப் புதர் இருந்தது. மாடு கண்டுகொள்ளாது என்று விட்டுவைத்திருந்தோம். கொஞ்சம் இலையே குதிரையைச் சாய்த்துவிடும், காய்ந்த இலையும் அப்படித்தான். பூசைக்குப் பூ வேண்டும் என்று அம்மா தடுத்தார். கடைசியில் புதரைச் சுற்றிப் படல் (அடைப்புத் தட்டி) கட்டினோம்.

24 ஜூன் 2023

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர் ஒருவர் இந்த இழையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "அந்த மைனாவுக்குத் தவிடு எவ்வளவு போட்டார்கள்?"

முதலில் எரிச்சல்தான் வந்தது. நான் புல்லைப் பற்றிப் பேசுகிறேன், இவர் தவிட்டைக் கேட்கிறார். ராத்திரி அவரே நீளமாக எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு மணிவரை தூங்கவில்லை. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பிருந்தால் டாக்டர் திருத்தட்டும்.

கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது வயிற்றுக்குள் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தலைமுறை தலைமுறையாக நம் மாடுகள் இதைத் தின்று திமிலோடு நிற்பதே சாட்சி. குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. மாதக்கணக்கில் இதையே மேய்ந்தால் ரத்தத்தில் கால்சியம் போதாமல், உடம்பு தன் எலும்பில் இருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு கரைந்த இடத்தில் நார் நாராகச் சதை வைத்து, முகத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். அதற்கு முன்பே நடை விறைக்கும், கால் மாறி மாறி நொண்டும், தடுக்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் இதே புல்லைப் பஃபெல் புல் என்று சொல்லி ஏக்கர் ஏக்கராக வைத்திருக்கிறார்கள். அங்கே இந்த நோய்க்குப் 'பெருந்தலை' என்கிற மாதிரிப் பெயரே உண்டு.

அப்படியானால் அண்ணன் சொன்னது பொய் இல்லை. "புல்லில் விசம்" என்று அவர் சொன்னபோது என் அப்பாவின் காட்டையே திட்டினது போல இருந்தது எனக்கு.

தவிடு எங்கே வருகிறது? தவிட்டில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது, கால்சியம் கொஞ்சம்தான். ஏற்கெனவே கால்சியம் கட்டுப்பட்டுக் கிடக்கிற உடம்புக்குத் தவிடும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு. புல்லே இல்லாமல் தவிடு மட்டும் அதிகமானாலும் இதே நோய் வரும் என்கிறார் டாக்டர்.

2 ஜூலை 2023

இன்று மேக்காலத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு வருசம் கழித்து.

அண்ணன் கட்டுத்தரையில் குந்தி லாடம் கழன்ற குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், "வாங்க" என்றார், மறுபடி குளம்புக்குப் போய்விட்டார். அண்ணிதான் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மைனா ஓரத்தில் நின்றது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் புடைப்பு. கை வைத்துப் பார்த்தேன், வீக்கம் போல மெத்தென்று இல்லை, கல்லாக இருந்தது. மூச்சு விடும்போது மூக்கில் சின்னதாக ஒரு சீழ்க்கைச் சத்தம்.

"தவுடு போட்டீங்களாண்ணா?"

"போடாமயா? கொள்ளும் தவுடும்தான். காலைல ரெண்டு படி, சாயங்காலம் ரெண்டு படி."

"அவ்வளவு தவுட்டுக்கு எங்க போனீங்க?"

அவர் குளம்பைக் கீழே விட்டார். என்னையே பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்கதானுங்களே அனுப்புனீங்க."

நான்தான். ஆலையில் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் தவிடு கிடைக்கும். எனக்கு மாடு இல்லை, என் பங்கு வீணாகிறதே என்று அந்த வருசம் மாதம் மூன்று மூட்டை அண்ணன் தோட்டத்துக்கு இறக்கச் சொல்லியிருந்தேன். காசுகூட வாங்கவில்லை. நல்ல குத்தகைதாரரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம். சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

டாக்டர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கறம்" என்றார். அண்ணி உள்ளே இருந்து, "புல்லு உங்களுது, தவுடும் உங்களுது, குருதை மட்டும்தான் எங்களுது" என்றார். அண்ணிக்கு எப்போதும் இந்த வாய்தான்.

மீதி இருபதாயிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

3 ஜூலை 2023

முதல் குறிப்பில் "விடாதீங்க" என்று போட்டதை அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்க மாட்டேன், கிடக்கட்டும். என்ன தெரியாமல் எழுதினேன் என்பதற்கு அது அடையாளம்.

9 ஜூலை 2023

மைனா தேறுமா என்று கேட்டவர்களுக்கு: நொண்டல் போன வருசமே, காட்டைவிட்டு வெளியே வந்தபிறகு மெல்லக் குறைந்ததாம். முகப்புடைப்பு முழுக்க வற்றாது என்கிறார் டாக்டர். அது இனி அப்படித்தான். பந்தயத்துக்கு ஆகாது.

அப்படியானால் கொழுக்கட்டைக் காட்டில் குதிரையே விடக்கூடாதா? விடலாம். வருசம் பூராவும் அதையே ஒற்றைத் தீனியாகக் கொடுக்கக் கூடாது. டாக்டர் அளவு சொல்லிக் கால்சியக் கலவை கொடுக்க வேண்டும், தவிட்டைக் குறைக்க வேண்டும், கூடவே கால்சியம் நிறைந்த பசுந்தீவனம் சேர்க்க வேண்டும். எது என்று கேட்டேன். "லூசர்ன்" என்றார். நம் ஊரில் அதற்குப் பெயர் என்ன தெரியுமா? குதிரை மசால். பெயரிலேயே மருந்தை எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அதை வெட்டிக் கறவை மாட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு போட்டிருக்கிறோம்.

வேலி மசாலும் இதுவும் ஒன்றா என்று ஒருவர். இல்லை, அது வேறு செடி.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். காட்டை ஒட்டிக் கோழிப்பண்ணை இருந்தால் தீவன மூட்டை குதிரைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்குச் சேர்க்கிற மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு எமன். இதையும் டாக்டர்தான் சொன்னார். நம் பக்கம் எத்தனை பண்ணைகள் என்று உங்களுக்கே தெரியும்.

14 ஆகஸ்ட் 2023

போன வாரம் அண்ணனோடு அந்தியூர் போய்வந்தேன். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தை. இழைக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். மைனாவுக்குப் பதில் ஒன்று பார்க்கலாம் என்றார். சுழி பார்க்கிறார்கள், பல் பிடித்துப் பார்க்கிறார்கள், ஓட்டிப் பார்க்கிறார்கள், வெள்ளைக் குதிரைகளை ஆட விட்டுக் காட்டுகிறார்கள். நெற்றிச் சுழிக்காகப் பத்தாயிரம் ஏற்றுகிறவர்கள் ஒருவர்கூடக் "இது என்ன புல் மேய்ந்தது?" என்று கேட்கவில்லை. நான் ஒரு வியாபாரியிடம் கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்து, "இவர் யாருங்க?" என்றார்.

வாங்கவில்லை. வரும் வழியில் கோபியில் சாப்பிட்டோம். "ஐப்பசி மழைக்குக் காட்டுல படல் அடைப்பீங்களா?" என்று அண்ணன் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அடைப்பேன் என்றேன். "அப்புறம்?" என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

27 ஆகஸ்ட் 2023

எழுத்து வேலை பற்றி. நான் வக்கீல் இல்லை, தெரிந்த வக்கீலிடம் கேட்டதைச் சொல்கிறேன். உங்கள் பத்திரத்துக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

எழுதாமல் விட்டால் என்ன? 1882ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, விவசாயக் குத்தகையாக இருந்தால் வருசத்துக்கு வருசம் என்று எடுத்துக்கொள்வார்கள், முடிக்க ஆறு மாத நோட்டீஸ் வேண்டும். மற்றவை மாதத்துக்கு மாதம், பதினைந்து நாள் நோட்டீஸ். புல் மேய்ப்பது விவசாயமா இல்லையா என்று வக்கீல்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள். எழுதி வைத்தால் அந்தப் பேச்சே வராது. வருசத்துக்கு வருசம் என்று விடும் குத்தகையையும் ஒரு வருசத்துக்கு மேற்பட்டதையும் பதிவு செய்தாக வேண்டும் (1908 பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவு). ஊரில் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுவது அதனால்தான்.

"குத்தகைக்கு விட்டா நிலம் போயிரும்" என்று பயப்படுபவர்களுக்கு. அந்தப் பயம் 1955ஆம் வருசத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்து வருவது. சொந்த உடலுழைப்பைப் போட்டுச் சாகுபடி செய்கிறவருக்கான சட்டம் அது. அதனால் வக்கீல் எங்களுக்கு எழுதிக்கொடுத்ததில், இது மேய்ச்சலுக்கான அனுமதி மட்டுமே, உழவோ விதைப்போ கிடையாது, காடு என் அனுபோகத்திலேயே இருக்கிறது, இன்ன எண்ணிக்கைக் கால்நடை இன்ன தேதிவரை மேயலாம் என்று தெளிவாகப் போட்டார். நிலத்தை விடவில்லை, புல்லைத்தான் விடுகிறோம் என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. போன முறை நான் ஏக்கரை வாடகைக்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரை வேலி தாண்டினால்? 1871ஆம் வருசத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் 'கால்நடை' என்ற சொல்லுக்குள் குதிரை, கழுதை, ஒட்டகம் எல்லாம் அடக்கம். யானையும்! ஊர்த் தொண்டுப்பட்டியில் யானையைக் கட்டிவைத்து அபராதம் வாங்குகிற ஆளை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

28 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அனுமதி" என்று தலைப்புப் போட்டால் மட்டும் போதாதாம். உண்மையில் காட்டை முழுக்க அவர் கையில் கொடுத்துவிட்டுச் சாவியையும் கொடுத்தால், தலைப்பு என்னவாக இருந்தாலும் குத்தகை என்றே பார்க்கலாம். படல் என் கையில் இருக்க வேண்டும், நான் போய்வர வேண்டும், வேலி வேலை நான் பார்க்க வேண்டும்.

22 அக்டோபர் 2023

எழுதிவிட்டோம். இரண்டு பக்கம். அண்ணன் முதலில் சிரித்தார், "கல்யாணப் பத்திரிகையே இவ்வளவு நீளம் அடிக்கறதில்லீங்க." பிறகு கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார்.

போட்டது இதுதான்: மூன்று குதிரை, அதற்கு மேல் கிடையாது, விருந்தாளிக் குதிரையும் எண்ணிக்கையில் சேரும் (போன முறை பந்தயத்துக்கு வந்த ஆறு குதிரைகள் மூன்று நாள் என் காட்டில் தங்கின). மழை பெய்து புல் கதிர் எடுத்து விதை உதிரும்வரை இரண்டு காட்டுக்கும் படல் அடைப்பு. பிறகு ஒரு காட்டில் மேய்ச்சல், ஒன்று ஓய்வு. புல் நாலு விரலுக்குக் கீழே போனால் அன்றைக்கே மாற்ற வேண்டும். இரண்டு காடும் தீர்ந்தால் குதிரை அவர் கட்டுத்தரைக்கு, தீனி அவர் பொறுப்பு, அந்த மாதங்களுக்கு வாடகை கிடையாது. மரம் எனக்கு, உதிர்ந்த காய் குதிரைக்கு. எரு பாதிப் பாதி. ஊசிச் சீட்டு காட்ட வேண்டும். வேலி நான் அடைப்பேன், குதிரை உடைத்தால் முள்ளும் ஆளும் அவர் செலவு.

வாடகை ஏக்கருக்கு இல்லை, குதிரைக்கு, மாதத்துக்கு. வருசத்துக்கு நாற்பதாயிரம் வராது. முப்பதைத் தொட்டால் பெரிது.

நாலு விரல் யாருடைய விரல் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கை என் கையைப் போல ஒன்றரை மடங்கு. என் விரல் என்று எழுதினோம்.

23 அக்டோபர் 2023

"பத்து வருசத்துக்குச் சோலார் கம்பெனிக்கு விட்டால் இந்த ரோதனையே இல்லையே" என்கிறார் ஒருவர். பத்து இல்லை, அவர்கள் கேட்பது இருபத்தைந்து வருசத்துக்கும் மேலே. வெள்வேலத்தை வெட்டிச் சமன் செய்தபிறகு அது கொறங்காடு இல்லை. விடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் கடன் அவரவர்க்குத் தெரியும். என் காட்டை நான் விடவில்லை.

19 நவம்பர் 2023

மழை. இந்த வருசம் புல் ஏமாற்றவில்லை. மேல்காட்டில் மொட்டையாகக் கிடந்த இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகத்தான் எழுந்திருக்கிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே இரண்டு ஆள் வைத்துப் பிடுங்கினேன். விதை உதிர வேண்டும். படல் அடைத்தே கிடக்கிறது.

14 ஜனவரி 2024

பொங்கலுக்கு முந்தின நாள் கீழ்காட்டைத் திறந்தோம். மூன்று குதிரைகளும் உள்ளே போய் முதலில் மேயவில்லை. வேலி ஓரமாகவே ஒரு சுற்று ஓடி வந்தன. அப்புறம் மூன்றும் ஒரே இடத்தில் புரண்டன. மைனாவும்தான். அதை விற்க மனசு வரவில்லையாம், "கிடந்து மேயட்டும்" என்றார். ஆக மூன்றில் ஒன்று வருமானம் இல்லாத குதிரை. அதற்கும் வாடகை வாங்குகிறேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பதற்குள்.

ஆலைத் தவிடு இந்த வருசமும் எனக்கு ஒதுக்கீடு வந்தது. வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டேன்.

3 மார்ச் 2024

முதல் தகராறு. நான் போனபோது கீழ்காட்டில் புல் மூன்று விரல். ஒரு வாரமாகவே அப்படி இருந்திருக்கும். அண்ணனைக் கூப்பிட்டேன். "நாளைக்குப் பந்தயம், நாளான்னிக்கு மாத்திக்கறேன்" என்றார். பத்திரத்தை நினைவுபடுத்தினேன். முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, பத்திரம் கோர்ட்டுக்குங்க. நமக்குள்ளயுமா?"

என்ன சொல்வது என்று தெரியவில்லை. படலைத் திறந்து குதிரைகளை நானே ஓட்டப் போனேன். இரண்டு வந்தன. மூன்றாவது, கத்தியவார், என்னை முறைத்துப் பார்த்து நின்ற இடத்தில் நின்றது. காதை மடக்கியது. நான் கணக்கு எழுதுகிறவன், குதிரைக்காரன் இல்லை. அண்ணன் சிரிக்காமல் இருக்க முயன்று முடியாமல் சிரித்துவிட்டு, ஒரு சீழ்க்கை அடித்தார். அது நடந்து மேல்காட்டுக்குள் போய்விட்டது.

28 ஏப்ரல் 2024

வெயில். மேல்காடும் தீர்ந்தது. குதிரைகள் கட்டுத்தரையில். அண்ணன் தோட்டத்தில் கிணற்றடியில் அரை ஏக்கர் குதிரை மசால் போட்டிருக்கிறார். தினம் வெட்டி வாடவைத்துப் போடுகிறார். கால்சியக் கலவையை மைனா தின்னாதாம், வெல்லப்பாகில் பிசைந்தால் தின்கிறதாம். இந்த மாதம் வாடகை இல்லை. அண்ணி, "காடு லீவா தம்பி?" என்று கேட்டார்.

16 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் ஒரு வருசம் கழித்து வந்திருக்கிறார். அவர் போன ஜூனிலேயே, என் முதல் குறிப்பைப் பார்த்த அன்றே, குதிரைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். மாட்டுக்காரர் ஒருவருக்கு விட்டாராம். அவர் பன்னிரண்டு உருப்படி விட்டு, கோடையில் வெள்வேலத்தைக் கிளை கிளையாக வெட்டிப் போட்டு மேய்த்து, மரமெல்லாம் மொட்டையாம். "இப்ப என்னங்க பண்றது?" என்கிறார்.

எழுதிக் கொடுத்தீங்களா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

17 ஜூன் 2024

இல்லையாம். வெள்வேலம் துளிர்க்கும், பயப்படாதீங்க. வேரோடு பிடுங்காதவரை வரும். இந்த வருசம் மேயவிடாமல் படலை அடைத்துவிடுங்கள்.

6 அக்டோபர் 2024

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் இரண்டு காட்டுக்கும் படல் கட்டினேன். தூரில் பச்சை தெரிகிறது, மேல்காட்டு மொட்டையிலும். இனி விதை உதிரும்வரை யாரும் உள்ளே கிடையாது.

கட்டிவிட்டுத் திரும்பினால் இட்டேரிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மைனா, அதுவும் எட்டிப் பார்க்கிறது. "எத்தனை விரலுங்க தம்பி?" என்றார்.